பயம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பவர்களுக்கு

வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களைப் படித்துக்கொண்டே போகும்போது ஒரே வாக்கியம் வேறு வேறு கையெழுத்தில் திரும்பத் திரும்ப வந்தது. "கொஞ்சம் தைரியம் வந்ததும் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்." கார் ஓட்ட, நீச்சல் பழக, புதிய பொறுப்பில் பேச, மேடையேற என்று எல்லாவற்றுக்கும் இதே வாக்கியம்தான். மற்ற கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளி வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். யாருடைய பெயரையும் போடவில்லை, அடையாளம் தெரியும்படியான விவரங்களையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 46 வயது. ஓட்டுநர் உரிமம் வாங்கி எட்டு வருடம் ஆகிறது, வீட்டில் கார் சும்மா நிற்கிறது. பயிற்சியில் நன்றாகத்தான் ஓட்டினேன், தேர்விலும் முதல் முறையே தேறினேன். அதற்குப் பிறகு ஒருநாள் சிக்னலில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். கை நடுங்கிவிட்டது, மறுபடி ஸ்டார்ட் செய்ய முடியவில்லை. கணவர் இறங்கி வந்து இடம் மாறி உட்கார்ந்து ஓட்டினார். அன்றோடு சரி. ஒவ்வொரு ஞாயிறும் இன்றைக்கு எடுக்கலாம் என்று நினைப்பேன், சாவியைக் கையில் எடுத்ததும் வயிற்றைப் பிசையும், வைத்துவிடுவேன். மகன் "விடும்மா, உனக்கு எதுக்கு" என்கிறான். அன்பாகத்தான் சொல்கிறான், ஆனால் அதைக் கேட்கும்போதுதான் அழுகை வருகிறது. இந்தப் பயம் எப்போது போகும்?

பதில்: சாவியைத் திரும்ப வைத்த அடுத்த நிமிடம் என்ன நடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். வயிற்றுப் பிசைவு சட்டென்று நிற்கும், மூச்சு சீராகும், அப்பாடா என்று இருக்கும். எட்டு வருடமாக உங்களைக் கட்டி வைத்திருப்பது அந்த 'அப்பாடா'தான். காரை விட்டு விலகினோம், உடனே நிம்மதி கிடைத்தது, ஆக விலகியதால்தான் தப்பித்தோம் என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்கிறது. அடுத்த ஞாயிறு சாவியைத் தொட்டதும் இன்னும் வேகமாக எச்சரிக்கிறது. எட்டு வருடத்தில் 400 ஞாயிறுக்கு மேல் வந்து போயிருக்கும். அத்தனை தடவை இந்தப் பாடத்தை மனத்துக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள், அது நன்றாகவே படித்துக்கொண்டுவிட்டது.

எனக்கும் இது நடந்திருக்கிறது. முதன்முதலாக ஒரு பெரிய அரங்கில் பேசக் கூப்பிட்டபோது, உடம்பு சரியில்லை என்று சொல்லி மறுத்துவிட்டேன். அன்று இரவு அவ்வளவு நன்றாகத் தூங்கினேன். அடுத்த அழைப்பு வந்தபோது முதல் முறையைவிடப் பயம் இரண்டு மடங்காக இருந்தது. பேசிப் பார்த்துத் தோற்றதனால் வந்த பயம் இல்லை அது, பேசாமலேயே வளர்ந்தது.

எனவே பயம் எப்போது போகும் என்று காத்திருந்தால் அது போகவே போகாது, ஏனென்றால் காத்திருப்பதுதான் அதற்குச் சோறு. ஓட்டத் தொடங்கிய பிறகுதான் குறையும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. நூறு வருடத்துக்கு முன்பே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் 1924-இல் பீட்டர் என்று அழைக்கப்பட்ட ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார், மூன்று வயதுகூட நிறையாத பிள்ளை. முயலைக் கண்டால் அலறுவான். பிடித்ததை அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டில் அடைத்த முயலை அறையின் தூரத்து மூலையில் வைத்தார்கள், பிறகு சற்று அருகில், பிறகு இன்னும் அருகில். கடைசியில் முயலைத் தடவிக்கொண்டு விளையாடினான். அந்தக் கதையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது நடுவில் நடந்த ஒன்று. உடம்பு சரியில்லாமல் மருத்துவமனையில் இருந்துவிட்டுத் திரும்பும்போது ஒரு பெரிய நாய் அவனைப் பயமுறுத்திவிட்டது, அத்தனை முன்னேற்றமும் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள், மறுபடி சரியானது. உங்களுக்கும் நடுவில் ஒரு கெட்ட நாள் வரும், அன்றைக்கு இந்தக் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். உங்கள் பயத்தில் ஒரு பகுதி நியாயமானது, அதை முதலில் பிரித்து வைத்துவிடலாம். எட்டு வருடம் தொடாத கைக்குப் பழக்கம் விட்டுப் போயிருக்கும். அதற்குத் தைரியம் மருந்தாகாது, பயிற்சிதான் வேண்டும். பயிற்சியாளர் பக்கத்திலும் பிரேக் உள்ள வண்டியில் சில வகுப்புகள் மறுபடி எடுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. அதே சமயம் வீட்டுக் காரில் வேறொரு வேலை செய்யுங்கள். முதல் சில நாள் வண்டி நகரவே வேண்டாம். உட்காருங்கள், இருக்கையையும் கண்ணாடிகளையும் சரி செய்யுங்கள், க்ளட்சையும் பிரேக்கையும் மிதித்துப் பாருங்கள், இருபது நிமிடம் அப்படியே இருங்கள். வயிறு பிசையும். பிசையட்டும், உச்சத்தில் இருக்கும்போது மட்டும் இறங்கிவிடாதீர்கள். அது பாதியாகக் குறையும்வரை இருந்துவிட்டு இறங்குங்கள். குறைகிறது என்பதை உங்கள் உடம்பு இந்த எட்டு வருடத்தில் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்பே எழுந்துவிட்டீர்கள்.

அடுத்தது கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும், ஆனால் உங்கள் விஷயத்தில் இதுதான் மையம் என்பேன். பயிற்சியாளரோடு ஆளில்லாத ஒரு திறந்த இடத்துக்குப் போய், வண்டியை வேண்டுமென்றே ஆஃப் ஆக்குங்கள். முதல் கியரில் க்ளட்சை வெடுக்கென்று விட்டால் போதும், குலுங்கி நின்றுவிடும். பிரேக்கை மிதியுங்கள், க்ளட்சை முழுக்க அழுத்துங்கள், நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஸ்டார்ட் செய்யுங்கள், முதல் கியர் போட்டு எடுங்கள். பிறகு மறுபடி ஆஃப் ஆக்குங்கள். ஒரு வகுப்பில் பத்து முறை. நீங்கள் பயப்படுவது காரைக் கண்டு இல்லையே, அந்தச் சிக்னலில் நின்றுபோன ஒரு நிமிடத்தைக் கண்டுதானே? அந்த நிமிடத்தை முப்பது நாற்பது தடவை உங்கள் கையாலேயே உண்டாக்கி, உங்கள் கையாலேயே சரிசெய்த பிறகு, அது ஒரு சம்பவமாக இருக்காது. சில நொடி வேலையாகிவிடும். பிறகு பயிற்சியாளரை அந்த நேரத்தில் ஹாரனை அழுத்தச் சொல்லுங்கள். அந்தச் சத்தத்தோடும் எடுத்துப் பழகுங்கள்.

அதற்குப் பிறகு வீட்டைச் சுற்றி ஒரு சின்னச் சுற்று. எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்டிக் கடக்கத் தேவையில்லாத திருப்பங்கள் மட்டும் இருக்கும்படி தேர்ந்தெடுங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் அதே சுற்றை அலுத்துப் போகும்வரை ஓட்டுங்கள், அலுப்பு வந்தால் பயம் பெரும்பாலும் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்காமல் வாரத்தில் நான்கு நாள் இருபது இருபது நிமிடம் எடுங்கள். கணவர் முதலில் பக்கத்தில் பேசாமல் உட்காரட்டும், பிறகு பின் இருக்கையில், பிறகு வீட்டு வாசலில். அவர் பக்கத்தில் இருந்ததால்தான் ஒன்றும் ஆகவில்லை என்று மனம் ஒரு சாக்கு வைத்துக்கொள்ளும், அதை மெல்ல மெல்லப் பிடுங்க வேண்டும்.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். "விடும்மா" என்பதற்குப் பதிலாக "வா, நான் கூட உட்காருறேன்" என்று ஒருநாள் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். அவன் சொன்னால், இந்தப் பதிலைவிட அது உங்களுக்கு அதிகம் உதவும்.

கேள்வி: வயது 29. மூன்று மாதத்துக்கு முன்பு என்னைக் குழுத் தலைவராக்கினார்கள். கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்க்கும்போது, இவனுக்கு ஒன்றுமே தெரியாது என்று இன்றோ நாளையோ கண்டுபிடித்துவிடுவார்கள் என்றே ஓடுகிறது. அதனால் ராத்திரி ஒரு மணிவரை உட்கார்ந்து தயார் செய்கிறேன். பாராட்டினால் ஒட்டவில்லை, தெரியாமல் பாராட்டுகிறார்கள் என்று தோன்றுகிறது. எனக்குத் தன்னம்பிக்கை வர என்ன செய்வது அக்கா?

பதில்: தம்பி, நீங்கள் எழுதியிருப்பதை ஏறக்குறைய அப்படியே 1978-இல் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நன்றாகப் படித்து, நல்ல நிலைக்கு வந்த பெண்கள் அவர்களிடம் வந்து, நாங்கள் எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம், ஒருநாள் மாட்டிக்கொள்வோம் என்று சொன்னார்கள். பின்னால் வந்தவர்கள் பார்த்தபோது ஆண்களுக்கும் அது அப்படியே இருந்தது. அவர்கள் இதை ஒரு நோய் என்று சொல்லவில்லை. அவர்கள் கவனித்த ஒரு சுழல் உங்களிடம் அப்படியே இருக்கிறது: பயந்து அளவுக்கு மேல் உழைக்கிறீர்கள், வேலை நன்றாக முடிகிறது, அந்தப் பெருமை உங்களுக்குப் போகாமல் ராத்திரி ஒரு மணிக்குப் போகிறது. 'அவ்வளவு நேரம் உட்கார்ந்தேன், அதனால் தப்பித்தேன்' என்று நினைக்கிறீர்கள். அடுத்த கூட்டத்துக்கு மறுபடி ஒரு மணிவரை.

இதை உடைக்க ஒரு சோதனை செய்யுங்கள். பெரிய விஷயம் எதுவும் பேசாத ஒரு சாதாரணக் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்து, வழக்கமான நேரத்தில் பாதி மட்டும் தயார் செய்துவிட்டுப் போங்கள். என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்பதை முன்னாலேயே ஒரு தாளில் எழுதுங்கள், உண்மையில் என்ன நடந்தது என்பதை முடிந்ததும் கீழே எழுதுங்கள். முன்னால் எழுதிவைப்பது முக்கியம், இல்லையென்றால் நடந்த பிறகு மனம் கதையை மாற்றிக்கொள்ளும்.

அப்புறம், 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்ற வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள். பொறுப்பேற்று மூன்று மாதம்தான் ஆகிறது, தெரியாதவை கட்டாயம் இருக்கும். யாருக்கு எவ்வளவு வேலை கொடுப்பது, உங்களைவிட வயதில் மூத்தவரிடம் அவர் வேலை தாமதமாகிறது என்று எப்படிச் சொல்வது, எத்தனை நாளில் முடியும் என்று மேலிடம் கேட்டால் எதை வைத்துச் சொல்வது, இந்த மாதிரி. அவற்றை ஒவ்வொன்றாக எழுதினால் ஏழெட்டு வரும். ஏழெட்டு விஷயம் தெரியாது என்பதும் நான் லாயக்கில்லை என்பதும் ஒன்றா? முதலாவதைப் படித்துக்கொள்ளலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இரண்டாவதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, அழத்தான் முடியும்.

வாரம் ஒருமுறையாவது கூட்டத்தில் "இது எனக்குத் தெரியவில்லை, நாளை மாலைக்குள் பார்த்துச் சொல்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், சொன்னபடி மறுநாள் சொல்லிவிடுங்கள். நீங்கள் மறைக்கப் பாடுபடும் அதே விஷயத்தை நீங்களே மேசையில் வைத்துவிட்டால், கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருக்கிறது? யாராவது பாராட்டினால் "எதெல்லாம் உதவியது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். 'நல்லா பண்ணினீங்க' என்பது ஒட்டாது, 'அன்றைக்கு அந்த வாடிக்கையாளர் கோபமாகப் பேசும்போது நீங்கள் குறுக்கிடாமல் கேட்டது' என்று யாராவது சொன்னால் அது ஒட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதைப் பலர் சொல்வதில்லை. சில அலுவலகங்களில் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லித்தர மாட்டார்கள், கேள்வி கேட்டால் முகம் சுளிப்பார்கள். அங்கே யாருக்கும் தன்மேல் சந்தேகம் வரும். உங்கள் இடம் அப்படிப்பட்டது என்றால், கோளாறு உங்கள் மனத்தில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள், மேலதிகாரியிடம் போய் எனக்கு இந்த இரண்டு விஷயத்தில் பயிற்சி வேண்டும் என்று கேளுங்கள்.

கேள்வி: மேடையேறும் முன் இதயம் படபடவென்று அடிக்கிறது. 'அமைதியாக இரு, அமைதியாக இரு' என்று சொல்லிக்கொள்கிறேன், அதிகமாகத்தான் ஆகிறது. என்ன செய்ய?

பதில்: அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள். அட்ரினலின் சுரந்து இதயம் ஓடிக்கொண்டிருக்கும்போது அமைதிக்கு மாறு என்றால் உடம்பு கேட்காது. கேட்கவில்லை என்றதும், பார் இதுகூட உன்னால் முடியவில்லை என்று கூடுதலாக ஒரு பயம் சேரும். ஆலிசன் வுட் ப்ரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் சிலரைப் பாடவும், பேசவும், கணக்குப் போடவும் வைத்தார். அதற்கு முன் 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்கள், 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகவே செய்தார்கள். பயமும் உற்சாகமும் உடம்பில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும், வேகமான இதயம், வியர்க்கும் கை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பெயர் மாற்றுவது, எல்லாவற்றையும் அணைப்பதைவிடச் சுலபம். படபடப்பு மிக அதிகமானால் மூச்சை இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள், நான்கு எண்ணி இழுத்து ஏழெட்டு எண்ணி விடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும்.

இதைவிட முக்கியம் ஒத்திகை. ராபர்ட் சயான்ஸ் 1965-லேயே தெளிவாகச் சொன்ன விஷயம் இது: ஆட்கள் பார்க்கும்போது நன்றாகப் பழகிய வேலை இன்னும் நன்றாக வரும், பழகாத வேலை இன்னும் சொதப்பும். எனவே புதிதாகத் தயாரித்த உரையை முதன்முதலாகக் கூட்டத்தின் முன்தான் சொல்லிப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். தனியாக, நின்றுகொண்டு, சத்தமாக. மனத்துக்குள் சொல்வது கணக்கில்லை. பிறகு ஒருவர் முன், பிறகு மூன்று பேர் முன். முதல் இரண்டு வாக்கியத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்படி செய்துகொள்ளுங்கள், படபடப்பு உச்சத்தில் இருப்பது அந்த முதல் நிமிடத்தில்தான்.

கேள்வி: எனக்கு 58 வயது. சின்ன வயதிலிருந்தே தண்ணீர் என்றால் பயம், ஆனால் நீச்சல் பழக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. விசாரித்ததில் வகுப்பில் எல்லாம் பத்து வயதுப் பிள்ளைகள். அவர்கள் நடுவில் நான் போய்த் தத்தளித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே கூசுகிறது. இந்த வயதில் இது தேவையா என்று மனைவியும் கேட்கிறார்.

பதில்: ஐயா, தேவையா என்பதற்கு நெடுநாள் ஆசை என்று நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள்.

உங்களுக்கு இரண்டு பயம் இருக்கிறது, தண்ணீர் ஒன்று, பார்ப்பவர்கள் ஒன்று. இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். 2000-இல் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருக்கும் படம் ஒன்று அச்சிட்ட டி-ஷர்ட்டை ஒரு மாணவருக்கு மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று கேட்டால், ஏறக்குறைய பாதிப் பேர் என்றார்கள் போட்டவர்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர் அளவுக்குத்தான். குளத்தில் பத்து வயதுப் பிள்ளை தன் மூக்கில் தண்ணீர் ஏறியதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும், உங்களைப் பற்றி யோசிக்க அதற்கு நேரமில்லை. அதற்கு மேலும் கூச்சமாக இருந்தால் பெரியவர்களுக்கு மட்டுமான நேரம் உண்டா என்று கேளுங்கள், அல்லது முதல் ஐந்தாறு வகுப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கூச்சத்தோடு மல்லுக்கட்டுவதற்கா குளத்துக்குப் போகிறோம்? அதைச் சுற்றிக்கொண்டு போக வழியிருந்தால் போகலாம்.

தண்ணீர்ப் பயம் வேறு, அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும். இடுப்பளவு தண்ணீர், பக்கத்தில் பயிற்சியாளர், இந்த இரண்டும் இல்லாமல் இறங்கவே கூடாது. இதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முதல் வகுப்பில் நீந்த வேண்டாம். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து வாயால் குமிழி விடுவது மட்டும் போதும். பயந்தவர்கள் எல்லோரும் தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், தலையைத் தூக்கியதும் அவசரமாக விட்டு அவசரமாக இழுப்பார்கள், மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். தண்ணீருக்குள்ளேயே மூச்சை விடப் பழகினால் அந்த முட்டல் போய்விடும், பயத்தில் பாதி அதோடு போய்விடும். அடுத்தது மிதப்பது. பயம் வந்தால் தலையை வெளியே தூக்கத் தோன்றும். மனிதத் தலை நான்கைந்து கிலோ இருக்கும், அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கினால் கால் தானாகக் கீழே இறங்கும். காதுவரை தண்ணீரில் இருக்கும்படி தலையைச் சாய்த்துவிட்டு, நெஞ்சு நிறையக் காற்றை வைத்துக்கொண்டால் பெரும்பாலானவர்களை நன்னீரே தாங்கும். பிழைக்கத் தலையைத் தூக்க வேண்டும் என்று உடம்பு சொல்கிறது, மிதக்கத் தலையை விட வேண்டும் என்று தண்ணீர் சொல்கிறது. உடம்பை நம்ப வைக்கக் கொஞ்ச நாள் ஆகும், பிள்ளைகளைவிட உங்களுக்குக் கூடுதலாகவே ஆகலாம். அவர்கள் ஒரு மாதத்தில் பழகியதற்கு உங்களுக்கு மூன்று மாதம் என்று இப்போதே வைத்துக்கொள்ளுங்கள், அப்போது இரண்டாவது மாதத்தில் மனம் விட்டுப் போகாது.

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பு. நல்ல அறிவான பிள்ளை. ஆனால் புதிதாக எதைக் கொடுத்தாலும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு "எனக்கு வராது" என்று வைத்துவிடுகிறாள். நாங்கள் ஒருபோதும் திட்டியதில்லை, நீ ரொம்பக் கெட்டிக்காரி என்றுதான் எப்போதும் சொல்கிறோம்.

பதில்: கடைசி வரியில்தான் எனக்குச் சந்தேகம். 1998-இல் கிளாடியா முல்லர், கேரல் ட்வெக் இருவரும் பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. புதிர் ஒன்றைப் போட்டு முடித்ததும் சிலரிடம் 'நீ கெட்டிக்காரன்' என்றும், சிலரிடம் 'நன்றாக முயன்றிருக்கிறாய்' என்றும் சொன்னார்கள். கெட்டிக்காரப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் அடுத்ததாகச் சுலபமான புதிரைத்தான் அதிகம் கேட்டார்கள், கடினமான ஒன்றில் தோற்றதும் சீக்கிரம் விட்டுவிட்டார்கள், தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அந்தப் பக்கம்தான் அதிகம். புரிந்துகொள்ள முடிகிறது இல்லையா? கெட்டிக்காரி என்ற பெயரைக் காப்பாற்ற வேண்டிய பிள்ளை, அந்தப் பெயருக்கு ஆபத்து வரும் இடத்துக்கு ஏன் போகும்? பட்டத்தைக் குறைத்துவிட்டு, அவள் செய்ததைப் பார்த்துச் சொல்லுங்கள். 'முதல் வழி சரிவரலைன்னதும் வேற வழி யோசிச்சியே' என்று. 'வராது' என்றால் வரும் என்று வாதாட வேண்டாம், 'எந்த இடத்துல நிக்குது, காட்டு' என்று கேளுங்கள். பதில் அந்த இடத்தைப் பற்றியதாக இருக்கும், அவளைப் பற்றியதாக இருக்காது.

இன்னொன்று, நீங்கள் எதையாவது புதிதாகப் பழகி அவள் கண்முன்னால் தப்புச் செய்யுங்கள். நாலு தடவை பிசகி ஐந்தாவது தடவை சரியாக வந்ததை அவள் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். பெரியவர்கள் எதையும் ஏற்கனவே தெரிந்தவர்களாகவே பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரிகிறோம், கற்றுக்கொண்டதை அவர்கள் பார்த்ததே இல்லை.

கேள்வி: தயக்கம் வரும்போது அது வெறும் பயமா, இல்லை உள்மனம் சரியாகத்தான் எச்சரிக்கிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முழுக்கக் கண்டுபிடிக்க முடியாது. நான் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பேன்: 'எதனால் வேண்டாம்?' எச்சரிக்கைக்கு விவரம் இருக்கும். ஒப்பந்தத்தில் இந்த விதி சரியில்லை, ஆறு மாதம் வருமானம் வராவிட்டால் சமாளிக்கக் கையில் இல்லை, அந்த ஆள் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. பயம் அப்படிச் சொல்லாது, அது எப்போதும் உங்களைப் பற்றியே பேசும், நீ யார், உனக்கு என்ன தெரியும், சிரிப்பார்கள் என்று. இரண்டாவதாக, திரும்பி வர முடியுமா என்று பாருங்கள். ஒரு வகுப்பில் சேர்வதைப் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம், அதற்கு யோசிக்கவே வேண்டாம், போய்விடுங்கள். வேலையை விடுவது, பெரிய கடன் வாங்குவது மாதிரி சுலபமாகத் திரும்ப முடியாதவற்றில் தயக்கத்துக்கு நேரம் கொடுங்கள், விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: (கடிதம் மிக நீளம், சுருக்கியிருக்கிறேன்.) கல்லூரி மாணவி. வகுப்பில் எழுந்து பேச வேண்டிய நாட்களில் போவதில்லை. ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. வாய்மொழித் தேர்வு இரண்டைத் தவறவிட்டேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் சாப்பிடக்கூட முடியவில்லை, பார்ப்பார்கள் என்று தோன்றுகிறது. முதல் நாளே வாந்தி வரும். தைரியமாக இரு, துணிந்து இறங்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். துணிய முடியாத கோழையா நான்?

பதில்: இல்லை கண்ணு, கோழை இல்லை. இது மேலே வந்த கேள்விகளில் இருக்கும் தயக்கமும் இல்லை, அதனால்தான் தனியாகக் கடைசியில் வைத்தேன். மற்றவர்கள் பார்வை பற்றிய பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையும் சாப்பாட்டையும் தடுக்கும் அளவுக்குப் போனால் அதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு, சமூகப் பதற்றக் கோளாறு என்பார்கள். உங்களுக்கு இருப்பது அதுதானா என்று நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும், ஆனால் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதற்கு நன்றாக வேலை செய்யும் சிகிச்சை இருக்கிறது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று ஒன்று, பயப்படும் இடங்களுக்கு மேலே காரில் சொன்னது போலப் படிப்படியாக, கூடவே ஒருவர் இருந்து அழைத்துப் போவது. தேவைப்பட்டால் மருந்தும் கொடுப்பார்கள். துணிந்து இறங்கு என்று சொல்பவர்கள் ஒரே எட்டில் மாடிக்குத் தாவச் சொல்கிறார்கள், தாவி விழுந்தால் பயம் கூடத்தான் செய்யும். அவர்கள் பேச்சைக் கேட்டு உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள்.

கல்லூரியில் மனநல ஆலோசகர் இருந்தால் அவரிடம், இல்லையென்றால் மனநல மருத்துவரிடம் இந்த வாரமே நேரம் வாங்குங்கள். தொலைபேசியில் பேச முடியாவிட்டால் வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவரை வாங்கச் சொல்லுங்கள், அதில் தப்பில்லை. தவறவிட்ட தேர்வுகளைப் பற்றிக் கல்லூரியிடம் பேச மருத்துவரின் கடிதமும் உதவக்கூடும், அதையும் அவரிடம் கேளுங்கள். அறைக்குள் போனதும் வாய் எழும்பாது என்று பயப்படுவீர்கள் என்று தெரியும். பேச வேண்டாம். எனக்கு அனுப்பிய கடிதத்தின் நகலைக் கையில் கொண்டுபோய் அப்படியே அவரிடம் நீட்டுங்கள். இரண்டாவது பக்கத்தில் எல்லாம் தெளிவாகவே எழுதியிருக்கிறீர்கள்.